முழங்கைக்கு ஆறு நிமிடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மெதுவா மாஸ்டர்'. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். இரண்டு முழங்கையிலும் வலது முழங்காலிலும் சொரியாசிஸ். செதில் செதிலாய் உரியும். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது? சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வது சுலபமாக இருந்தது.

களிம்புக்கு அடங்காமல் போனபோது தோல் டாக்டர் புற ஊதா விளக்குச் சிகிச்சையைச் சொன்னார். வாரம் மூன்று முறை வேலையை விட்டு வர முடியாது என்று மாஸ்டர் இழுக்கவே, வீட்டில் வைத்துக்கொள்ளும் விளக்கைக் கொடுத்தனுப்பினார்கள். அதற்கு முன் நர்ஸ் மூன்று நாள் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டார். எவ்வளவு நேரம், எப்போது கூட்டுவது என்பதெல்லாம் ஓர் அட்டையில் எழுதியிருந்தது.

வீட்டில் அந்த விளக்குக்குக் காவல் அவர் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். "கண்ணைக் கெடுத்துக்கிட்டு என் கடைக்கே வந்து நிக்காதீங்க" என்று கறுப்புக் கண்ணாடியைத் தன் கையாலேயே மாட்டிவிடுவாள். முகத்துக்குத் துணி, நிற்க வேண்டிய தூரத்துக்குத் தரையில் சாக்பீஸ் கோடு. பிறகு அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நேரம் முடிந்ததும் விளக்கு தானே அணையும். எத்தனை நிமிடம் நின்றார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டியது அவர் பொறுப்பு.

ஆறு வாரம் ஒழுங்காகப் போயிற்று. செதிலும் குறைந்தது. அப்போது பார்த்து லைசென்ஸ் தேர்வுகள் வரிசையாக வந்தன. பத்து நாள் அவர் விளக்குப் பக்கமே போகவில்லை. அதே வாரம் மகள் போனில், கைக்குழந்தையோடு சீக்கிரம் வருவதாகச் சொன்னாள். பேத்தியை முதன்முதலாகத் தூக்கப்போகிற கை இப்படியா இருக்க வேண்டும்? மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், இரண்டு நிமிடம் நிற்க வேண்டியவர் விளக்கின் நேரத்தை ஆறு நிமிடமாகக் கூட்டிவைத்து நின்றார். நோட்டில் இரண்டு என்று எழுதினார்.

மறுநாள் முழங்கை இரண்டும் செங்கல்லாய்ச் சிவந்து காந்தின. கார் ஓட்டிய மாணவி, "என்ன மாஸ்டர், ஸ்டீயரிங்கைப் பிடிக்க வர்றப்பல்லாம் முகத்தைச் சுளிக்கிறீங்க?" என்றாள்.

"நீங்க ஓட்டுற அழகு அப்படிம்மா" என்று பழியை அவள்மேல் போட்டார்.

வீட்டில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. டம்ளரைத் தூக்கத் தவித்தவரின் சட்டைக்கையை மடித்துப் பார்த்த மனைவி, நடந்ததை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"முழுசா ஆறுற வரைக்கும் விளக்கே வேண்டாம். கொப்புளம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ். "நடுவுல விட்டுப்போனா எங்களைக் கேளுங்க. குறைச்சுத்தான் ஆரம்பிக்கணும். விட்டதைப் பிடிக்க இது என்ன ஓட்டப்பந்தயமா?"

போனை வைத்த பிறகுதான் மனைவி நோட்டைத் திறந்தாள். "சுட்டுக்கிட்டதுகூடப் பரவாயில்லைங்க. எங்கிட்டயே பொய் எழுதிக் காட்டுனீங்களே!"

"பாப்பாவைத் தூக்கணும்னுதான்..." என்று முனகினார்.

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. விளக்கை எரியவைக்கும் சாவி அன்றே அவள் கைப்பைக்குள் போயிற்று.

மகள் வந்தபோது முழங்கை தோலுரிந்து முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. மாஸ்டர் தள்ளியே நின்றார். "என்னை வளர்த்த கைதானேப்பா? பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள் மகள். அது அவர் சட்டைப் பொத்தானை இழுத்தபடியே தூங்கிப்போனது. கை மரத்துப்போயும் ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை.

புண் ஆறியதும் டாக்டரைக் கேட்டு, குறைந்த நேரத்தில் மறுபடி தொடங்கினார்கள். நாலாம் மாதம் முழங்கைகள் தெளிந்தன; முழங்கால் திட்டு மட்டும் பிடிவாதமாய் நின்றது. "இது போகும், வரும். இப்போதைக்கு நிறுத்திக்கலாம்" என்றார் டாக்டர். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விளக்கை மாடிப்படியில் இறக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அது நின்ற மூலையில் இப்போது பேத்தியின் நடைவண்டி நிற்கிறது.