டெல்பினுக்குத் தோணின மூடி

சாந்தோம்ல டெல்பின்கிட்ட வம்பு வச்சுக்கக் கூடாதுன்னு மீன்காரம்மாவுக்குக் கூடத் தெரியும். அந்தப் பெரிய பிளாஸ்டிக் கம்பெனிக்குத்தான் தெரியல, பாவம்.

டெல்பின் இட்லி மாவு அரைச்சு விக்கிறவ. சித்திரை வெயில்ல மாவு சும்மா இருக்குமா? பொங்கி, மூடியைத் தள்ளிக்கிட்டு, வாங்கினவங்க ஃப்ரிட்ஜெல்லாம் வழியும். பேச்சு வாங்கி அலுத்துப்போய், மூடியோட உள்பக்கம் ஓரமா ஒரு சின்ன வாய்க்கால் வச்சா என்னன்னு அவளுக்குத் தோணுச்சு. சிந்தாதிரிப்பேட்டை அக்பர் பாஷா பட்டறையில அச்சு மேல அச்சா பாழாக்கி, அந்த மனுஷன் உயிரை எடுத்து, ஒருவழியா மூடியைக் கொண்டுவந்துட்டா. பொங்கின மாவு வாய்க்கால்ல இறங்கி டப்பாக்குள்ளயே திரும்பிடுச்சு. அப்புறம்தான் பேட்டன்ட் கேட்டு மனு போட்டா.

டப்பா விக்கிற அந்தக் கம்பெனி ஆட்சேபணை பண்ணுச்சு. இதுல பெரிய மூளை ஒண்ணும் இல்லையாம், டப்பா செய்யிற யாருக்கும் தானாத் தோணுமாம். டெல்பினுக்கு அதுதான் பொறுக்கல. பேட்டன்ட் போனாலும் போகட்டும், யாருக்கும் தோணும்ங்கிற அந்தப் பேச்சை மட்டும் விடமாட்டேன்னு நின்னா.

விசாரணை வீடியோவுலதான். தி.நகர்ல தன்னோட வக்கீல் ஸ்ரீஹரி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, பேட்டன்ட் அதிகாரிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா:

"யாருக்கும் தோணும்னா, இத்தனை வருஷமா வழியிற டப்பாவையே ஏன் சார் வித்தாங்க?"

எதிர்த்தரப்பு வக்கீலம்மா பேச்சை மாத்தி ஒரு போட்டோவைத் திரையில போட்டாங்க. பங்குக் கோயில் ஃபேஸ்புக்ல இருந்து எடுத்தது. பூசையில பீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோற பவனி, டெல்பின் கையில டப்பா. எது புதுசா செஞ்சாலும் முதலாவது ஆண்டவருக்குன்னு அவ வீட்டு வழக்கம். ஆனா அது அவ மனு போடுறதுக்கு முந்தின ஞாயிறு. மனுவுக்கு முன்னாடியே இந்த மூடியைச் செஞ்சு இவங்களே ஊருக்குக் காட்டிட்டாங்க, இனி பேட்டன்ட் கேக்க முடியாதுன்னு அந்தம்மா முடிச்சாங்க.

ஸ்ரீஹரி சட்டுனு மைக்கை அணைச்சான். "போட்டோல மூடியோட உள்பக்கம் தெரியல. பழைய டப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி, போதும்."

பீடத்துல வச்சதை இல்லைன்னு சொல்றதா? அதுவும் இவங்களுக்குப் பயந்துக்கிட்டா? டெல்பினே மைக்கைத் திறந்தா.

"அது என் மூடிதான். நான்தான் செஞ்சேன்."

மனு தள்ளுபடி ஆயிடுச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களேன்னு ஸ்ரீஹரி தலையில கை வச்சுக்கிட்டான். டெல்பின் காபியை முழுசாக் குடிச்சு முடிச்சா.

"யாருக்கும் தோணும்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க தம்பி. கடைசியில எனக்குத்தான் முதல்ல தோணுச்சுன்னு அவங்களே போட்டோ போட்டுக் காமிச்சுட்டாங்க, பாத்தியா?"

அதுக்கப்புறம் சாம்பார் டப்பாவுக்கு இன்னொரு மூடி செஞ்சா. இந்தத் தடவையாவது முதல்ல மனு, அப்புறம் கோயில்னு ஸ்ரீஹரி போன்ல கெஞ்சிப் பார்த்தான். ஞாயித்துக்கிழமை காணிக்கை பவனியில டெல்பின்தான் முன்னாடி நடந்தா. போட்டோ எடுக்கிறவரு கிட்ட வந்ததும் நின்னு, மூடியைத் திருப்பி, உள்பக்கம் நல்லாத் தெரியிற மாதிரி தூக்கிப் பிடிச்சா.