பீமன் வராத படம்

கராஜ் கதவை இடுப்பளவுக்கு மட்டும் தூக்கிவிட்டு, ஹலினா முதல் வேலையாக நேற்று பூசிய சிவப்பைச் சுரண்டி எறிகிறாள். "செவப்பு சுளுவா வந்துருதுங்க. சுளுவா வர்றது ஆகாதுங்க" என்பாள். அரசர்களையும் அரக்கர்களையும் பலிகளையும் பதினைந்து வருடமாக வரைகிறவளின் படங்களில் ரத்தம் இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

கதவை முழுதாகத் திறந்தால் குடியிருப்போர் சங்கம் கடிதம் போடும். முழுதாக மூடினால், டெக்சஸ் மாநிலத்துச் சுகர் லேண்டின் ஆகஸ்ட் வெயிலில் வண்ணம் காயும் முன் ஆள் காய்ந்துவிடுவாள்.

உக்ரைன்காரி. கார்கிவுக்கு மருத்துவம் படிக்க வந்த வெள்ளியங்கிரியைக் கல்யாணம் செய்துகொண்டு, அமெரிக்கா வருமுன் ஆறு வருடம் பொள்ளாச்சியில் இருந்தபோது தமிழ் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு சங்கடம். கோபம் அவள் ஊருடையது. தமிழோ அவள் கணவர் ஊருடையது. "மண்டையப் பொளந்துபோடுவேனுங்க" என்று அவள் சொன்னால், எதிரில் இருப்பவர் மிரள்வதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் நிற்பார்.

கிழக்கு உக்ரைனில் அம்மா இருக்கும் ஊரில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தால் டெக்சஸில் இவள் கைபேசியும் அலறும். அலறினால் தூரிகையைக் கீழே வைக்கமாட்டாள். எழுந்து நின்று வரைவாள். அம்மாவிடமிருந்து செய்தி வரவேண்டும்: 'இருக்கிறேன். ஃபோன் பண்ணித் தொந்தரவு செய்யாதே.' அப்புறம்தான் உட்காருவாள்.

தமிழ் மன்றம், புதிதாகக் கட்டிய அரங்கின் சுவருக்குப் பத்தடிப் படம் ஒன்று கேட்டது. தலைவர் ஜெயபிரகாஷ் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர். என்ன வரையவேண்டும் என்பதையும் அவரே சொன்னார்: பீமன் பகாசுரனைக் கொல்வது. படம் பாதி வந்திருந்தபோது, தம் வீட்டு விருந்தில் பிரியாணித் தட்டோடு வந்து, உக்ரைன் போரை நிறுத்தவும் வழி சொன்னார்.

"அந்த ஈஸ்ட் சைடைக் குடுத்துட்டு செட்டில் பண்ணிக்கலாமே, சிஸ்டர்? பாவம், எவ்ளோ பேர் சாகறாங்க."

"அந்த ஈஸ்ட் சைடுல மூணாவது மாடில எங்கம்மா இருக்குதுங்க. அதையும் சேத்தியே குடுத்துரோணுங்களா?"

"ஐயோ, பர்சனலா எடுத்துக்காதீங்க" என்று ரைத்தாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஃப்ரீவேயில் இருபது மைல் தாண்டித் திரும்பி வந்து, வீட்டு வாசலில் கணவனிடம் சொன்னாள்: "குடுத்துரோணுமாமுங்க. இவிக ஊட்டுப் பொருளாட்டம்!"

மறுநாள் பீமன் தலை முதல் கால் வரை சுரண்டப்பட்டான்.

ஆறு வாரம் கழித்து ஜெயபிரகாஷும் மன்றச் செயலாளர் எழிலரசியும் படம் பார்க்க கராஜுக்கு வந்தார்கள். படத்தில் வண்டி நிறையச் சோறு. அதன்மேல், தலை வாரிப் பொட்டு வைத்த ஒரு சிறுமி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஊர்ச்சபை. வெளுத்த வேட்டி, படித்த முகங்கள்; தினம் ஓர் ஆளை அனுப்பிவைப்பதாக அசுரனோடு பேசி முடித்துவிட்ட நிம்மதி. ஒருவர் மடியில் ஓலை, எந்த வீட்டு முறை எப்போது என்று எழுதிக்கொள்ள.

"பகாசுரன் எங்க, சிஸ்டர்?" என்றார் ஜெயபிரகாஷ்.

"குகைக்குள்ளார இருக்கறானுங்க. சோறும் வருது, ஆளும் வருது. அவன் எதுக்குங்க வெளிய வரோணும்?"

"பீமன்?"

"எங்கூருக்கு இன்னும் வரலீங்க."

எழிலரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ரத்தம் கித்தம் எதுவும் இல்ல. ஆனா ரொம்ப டிஸ்டர்பிங்கா இருக்கு ஹலினா. கிட்ஸ் வர்ற இடம். ரத்தம் இருந்தாக்கூடப் பரவால்லன்னு தோணுது."

"ஓரத்துல சின்னதா ஒரு பீமன் போட்டுடுங்க, ஒரு ஹோப் மாதிரி" என்று ஜெயபிரகாஷ் சமாதானம் பேசினார். "இல்லேன்னா ஹால்ல மாட்ட முடியாது, சிஸ்டர். நீங்க அனுப்பின போட்டோவப் பாத்துட்டு கமிட்டில ஏற்கெனவே டிஸ்கஸ் பண்ணி டிசைட் பண்ணிட்டோம்."

"கமிட்டில பேசி முடிச்சுட்டீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க." அவள் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆனாலும் குரல் உயரவில்லை. மெல்லிய தூரிகையொன்றைக் கறுப்பில் தோய்த்து, நுனியைத் துணியில் ஒற்றினாள். "போடறேனுங்க. ஆனா ஓலைல மொதப் பேரு இன்னும் எழுதலீங்க. வண்டில இருக்கற புள்ள யாரு ஊட்டுப் புள்ளைன்னு நீங்களே எழுதிக் குடுங்க. ஒரே ஒரு பேருங்க. அப்பறம் பத்துப் பீமன் வேணும்னாலும் போட்டுத் தாறேன்."

எழிலரசி கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். ஜெயபிரகாஷ் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். ஹலினா தூரிகையை வலக்கையில் பிடித்து, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் அவர் முன் நீட்டியபடியே நின்றாள்.