அண்ணனின் ஹங்கேரிக்காரர்

செல்போனில் பழைய ஹங்கேரி கால்பந்து அணியின் ஆட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் நடுக்களத்தில் ஆடும் இந்த வீரருடைய படத்தைத்தான் அண்ணன் எங்கள் சின்னக் காஞ்சிபுரம் வீட்டில், தறிக்கு மேலே ஒட்டியிருந்தான்.

"இவரு கோல் அடிக்கறதவிட, அடிக்கிறவனுக்குப் பந்து குடுத்துக்கினே இருப்பாரு, பாப்பா" என்பான் என்னிடம். "அப்பறம் நாட்ட வுட்டே போய்ட்டாரு. அவங்கம்மா செத்தப்பகூட வர முடியலயாம்."

தறியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அப்பிடி என்னாத்துக்குடா போனான்?" என்றாள்.

அடுத்த வருடம் அண்ணனும் கல்கத்தாவில் ஆடப் போனான். அங்கே முழங்கால் உடைந்து ஆட்டம் நின்றுபோனது. வெட்கத்தில் ஊர் திரும்பவில்லை. அம்மா இறந்து வெகுகாலம் கழித்து, ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வரலாமா, பாப்பா?" என்று கேட்டான்.

அவன் பிறந்த வீடு அது.