கஞ்சி போட்ட மப்ளர்

என் மனைவி ஒரு குளிர் நாட்டு மருத்துவமனையில் நர்ஸ். சித்திரையில் போனவள், கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் போனில் புலம்பினாள்.

"எல்லாம் பழகிடுச்சுங்க. இந்தக் குளிரு ஒண்ணுதான் தாங்கல. பஸ் ஸ்டாப்புல நின்னா கழுத்தை அறுக்குது. இங்க வாங்குற மப்ளரெல்லாம் அரிக்குது. மேல ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இப்படியே இருந்தா போடாம ஊருக்கே வந்துடுவேன்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் அவள் கழுத்து ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட்டதற்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆண்டிமடத்தில் எனக்கு முந்திரிப்பருப்புக் கடை. கால் கிலோ கேட்டவருக்கு அரைக் கிலோ நிறுத்துக் கட்டினேன். கடைசியில் அரியலூர் போய், குழந்தைக் குல்லாவுக்கு வாங்குவார்களே, அந்த மெத்தென்ற உல்லன் நூலில் பச்சை நிறமாகப் பார்த்து வாங்கிவந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். கூடப் பிறந்த அக்காதான். மாதா கோயில் பீடத்தில் விரிக்கிற பீடத்துணிக்கு லேஸெல்லாம் அவள் கையால் பின்னுகிற குரோஷா வேலைதான்.

"கிறிஸ்துமஸ்ஸுக்குள்ள பீடத்துணி முடிக்கணும்டா. பொண்டாட்டி ஒனக்குத்தான, நீயே பின்னு" என்று ஓர் ஊசியை என் கையில் திணித்தாள். பின்னக் கற்றுக்கொடுத்ததைவிடக் கேலி செய்ததுதான் அதிகம்.

ஒரு முழம் பின்னியதும், இது போய்ச் சேர்ந்தால் அவள் வரமாட்டாளே என்று தோன்றும். ஊசியை வீசிவிட்டு வாசலுக்குப் போவேன். அங்கே நின்றால், பல் கிடுகிடுக்க பஸ்ஸுக்கு நிற்கிறவள் கண்ணுக்குள் வருவாள். திரும்பி வந்து கட்டிலுக்கடியில் ஊசியைத் தேடுவேன். பின்னியதைப் பிரித்த நாளும் உண்டு. என்ன மனுஷன் நான் என்று எனக்கே விளங்கவில்லை.

அவளோடு வேலை பார்க்கும் எங்கள் தெருப் பெண் லீவு முடிந்து கிளம்ப இருந்தாள். அவளிடம் கொடுத்தனுப்ப ஒருவழியாக முடித்து, அலசித் தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் மாடிக் கொடியில் மப்ளர் பலகையாட்டம் விறைத்துக் கிடந்தது. பீடத்துணிக்குப் போடுவதுபோல வடிகஞ்சியில் முக்கிக் காயப்போட்டிருந்தாள்.

"உல்லனுக்கு யாராச்சும் கஞ்சி போடுவாங்களாக்கா?"

"பின்ன, தொளதொளன்னா குடுத்தனுப்புவ? என் கையால கஞ்சி போடாத பின்னல் எது இந்த வூட்டை வுட்டுப் போயிருக்கு?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. இப்படியே போகட்டுமே. பழி அக்காவோடு போகும். இதைக் கழுத்தில் சுற்ற முடியாது. அவள் வந்துவிடுவாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன்.

"மப்ளராண்ணே? குடுங்க, குடுங்க. அண்ணி பாவம்ணே. ஊர்லேருந்து கொண்டாந்த குளிக்கிற துண்டைத்தான் கழுத்துல சுத்திக்கிட்டு டூட்டிக்கு வராங்க" என்றாள்.

நீட்டிய பையை இழுத்துக்கொண்டேன். "காலையில தரேம்மா. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

வீட்டுக்கு வந்து, வெந்நீர் வைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். மார்கழி ஈரத்தில் எங்கே காயும்? ஃபேனுக்கடியில் விரித்துப்போட்டு, புரட்டிப் புரட்டி அதன் பக்கத்திலேயே கிடந்தேன். காலையில் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பஞ்சாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீடியோ காலில் வந்தாள். கழுத்தில் பச்சை மப்ளர். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கொஞ்சங்கூட அரிக்கலைங்க. இதைக் கட்டிக்கிட்டு நின்னா குளிரே தெரியல. காலையில இதோடயே போயிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருஷம்தான, ஓடிடும்."

"இன்னொரு சுத்து சுத்திக்கம்மா" என்றேன். "காது வெளிய தெரியுது பாரு."