கியரில்தான் கோளாறு

ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். புதுவாயல் கூட்டு ரோட்டில், நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில், எங்கள் காரின் கியர் தண்டு திடீரென்று தொளதொளத்துப் போனது. என் கணவர் அதை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். பானைக்குள் விட்ட கரண்டி மாதிரி எந்தப் பக்கம் தள்ளினாலும் போனது, எதிலும் விழவில்லை. பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நான் பதறிப்போய் அவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியாமே? நான் சொல்லல? கியர்லதான் கோளாறு. எத்தினி மாசமா சொல்லிகினு கீறேன், யாராச்சும் நம்புனீங்களா?”

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். அதையும் அவர் காதில் வாங்கவில்லை. தேறமாட்டோம் என்று நினைத்த பரீட்சையில் தேறிவிட்டவர் மாதிரி இருந்தது முகம்.

கார் இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. கிளட்சை மெல்ல மெல்ல விட்டு, அந்த ஒரே கியரில் ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு எங்கள் ஊர் கவரைப்பேட்டை வந்து சேர்ந்தோம். மொபெட்டில் தண்ணீர்க் கேன் கட்டிக்கொண்டு போனவர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். வழியெல்லாம் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாடி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் முன்னால் எல்லாரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்தவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்துக் கம்பெனிக்குள் போனார். எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவரும் இவர்தான். இரண்டு கை மாறி வந்த பழைய கார். ஆனால் ஒரு நாளும் அது மெக்கானிக் ஷெட்டுக்குப் போனதில்லை. பிரேக், பெல்ட், பேட்டரி எல்லாம் வாசலிலேயே அவர் கைதான். யார் வீட்டு மோட்டார் நின்றாலும், மிக்ஸி நின்றாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார். நான் கத்துவேன். அவருக்கு அதில் ஒரு பெருமை.

ஒரு வருஷமாகவே கியர் இறுகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றாவதுக்குப் போட்டால் மூன்றாவதில் போய் விழுகிறது, இரண்டாவது பிடிக்கமாட்டேன் என்கிறது என்பார். கார் குலுங்கி நின்றுபோகும். நம் ஊர்க் காரில் கியர் இடது கைக்குத்தான் வரும். அவர் டீ கிளாஸை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டதை நான் கவனித்திருந்தேன். டிவி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது கைக் கட்டைவிரல் தானாக ஆடும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே வரும்.

கேட்டால், “பேரிங் கழட்டும்போது நரம்பு புடிச்சிகிச்சி. விடுமே, அதுவே சரியாப்பூடும்” என்பார். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். அதையும் கியரையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவருக்கு வாராந்திர விடுமுறை. பக்கத்துத் தெரு மெக்கானிக் காரைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இன்னாண்ணே, கியர் போச்சா? கன்சோல கழட்டணும்ணே. ஷெட்டுக்குத் தள்ளிக்கினு வந்துடவா?”

“வோணாம்பா. இது நம்ம வேலைதான்” என்றார் இவர்.

கன்சோல் என்றால் முன்சீட் இரண்டுக்கும் நடுவில், கியர் தண்டையும் கைப்பிரேக்கையும் சுற்றி நீளமாக ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்குமே, அதுதான். நாஷ்டாவை முடித்துவிட்டு, தெருக் குழாயில் தண்ணீர் நிற்பதற்கு முன்பே டூல்ஸ் பையோடு காரில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடுப்படி வேலை இருந்தது. இருந்தும் இடது பக்கச் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் சந்தோஷமாக இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசையாக இருந்தது.

கியர் உருண்டையைத் திருகிக் கழற்றினார். அதன் கீழே ரெக்சின் உறை. ஓரத்தைக் கிள்ளி மேலே தூக்க வேண்டும், நாலு பக்கமும் கிளிப் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். ஒரு கிளிப் பட்டென்று உடைந்தது. “பழசு, காஞ்சி பூட்ச்சி” என்றார். அடுத்து டம்ளர் வைக்கும் குழிக்குள் இருந்த ஸ்குரூ. ஸ்குரூ டிரைவரை வலது கையில் பிடித்திருந்தார். ஆனால் குழிக்குள் டார்ச் அடிக்க இடது கை வேண்டும். டார்ச் வெளிச்சம் குழிக்குள்ளும் சீட்டிலும் என் புடவையிலும் மாறி மாறி ஓடியது. டார்ச்சை என்னிடம் கொடுத்தார்.

நான் பிடித்தேன். வெளிச்சம் அசையாமல் நின்றது. அப்போதுதான் ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பார்த்தேன். ஸ்குரூ தலையின் வெட்டில் அது உட்காரவே இல்லை. வலது கையும்தான் ஆடியது. நுனி பிளாஸ்டிக்கில் டிக் டிக் டிக் என்று கொத்தியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். வழுக்கிப் போய்க் குழியின் சுவரைக் கீறியது. திரும்ப வைத்தார். திரும்பவும் டிக் டிக் டிக்.

வெளியே ஒருவர் மீன் கூவிக்கொண்டு போனார். மூச்சுவிடும் சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எப்படியோ அந்த ஸ்குரூ கழன்றது. விரலால் எடுக்கப்போனார், நழுவிச் சீட் நகரும் தண்டவாளத்துக்குள் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது மறுபடியும் விழுந்தது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். முகம் முழுக்க வியர்வை. சிரிப்பு போயிருந்தது.

“காத்தால சாப்டது பத்தல போலக்கீது” என்றார்.

“ஆமாங்க. நேத்து கல்யாணத்துல அலைச்சல் வேற” என்றேன்.

பிறகு அவர் ஸ்குரூ டிரைவரைத் திருப்பி, பிடியை என் பக்கம் நீட்டினார்.

“நீ புடி. நான் சொல்றேன்.”

அதுவரை அவர் டூல்ஸைத் தொட எங்கள் மகளுக்குக்கூட அனுமதி இல்லை. நான் இறங்கிச் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் என் இடத்துக்கு வந்தார். பின்னால் கைப்பிரேக்குக்குக் கீழே ஒரு ஸ்குரூ, பக்கவாட்டில் ஒன்று, முன்னால் டேஷ்போர்டை ஒட்டி ஒன்று. எது எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். “அங்க இல்ல, கீய. ஆங். அமுக்கிக்கினு சுத்து. இல்லன்னா தலை மொட்டையாப்பூடும்.” கைப்பிரேக்கை முழுக்கத் தூக்கச் சொன்னார். கூட்டைப் பின்பக்கமிருந்து உயர்த்தச் சொன்னார். சார்ஜர் குத்தும் ஓட்டைக்குப் பின்னால் ஒரு வயர் இருந்தது. அதன் பூட்டை அமுக்கிப் பிடுங்கினேன். கூடு மொத்தமாக என் கையோடு வந்தது. இவ்வளவு நாள் ஏதோ காரோடு சேர்ந்து வார்த்தது என்று நினைத்திருந்தேன். காய்கறிக் கூடை அளவுக்குக்கூட எடை இல்லை.

அடியில் ஒரே தூசி. கியர் தண்டின் அடியில் இரண்டு கேபிள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று தண்டிலிருந்த குமிழில் ஒழுங்காக மாட்டியிருந்தது. இன்னொன்று கழன்று பக்கத்தில் கிடந்தது. அதன் வளையத்துக்குள் இருக்க வேண்டிய புஷ், விரல் நுனி அளவு பிளாஸ்டிக் வளையம், துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது.

“தோ, இதான். இதான்மே!” என்றார். மறுபடியும் அந்தச் சந்தோஷம் வந்துவிட்டது. “இது தேஞ்சிதான் கியர் எங்கெங்கயோ போய் வுழுந்துகினு இருந்துச்சி. இத்த மாத்துனா போதும், புது வண்டி மாதிரி ஆயிடும்.”

நொறுங்கிய துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துக் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனேன். ஆட்டோவில் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் அவர் பேச்சு தொற்றிக்கொண்டிருந்தது. இந்த ஒரு புஷ்ஷால்தான் எல்லாமே. கார் குலுங்கினது, அவர் சிடுசிடுத்தது, வெளியே போகலாம் என்றால் வேண்டாம் என்றது, எல்லாமே இதனால்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். கடைக்காரர் துண்டுகளைப் பார்த்ததும் உள்ளே போய் எடுத்துவந்துவிட்டார். அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வளையத்துக்குள் கிரீஸ் தடவி, புஷ்ஷை வைத்து, பிளையரால் அழுத்த வேண்டும். அது சுலபத்தில் போகவில்லை. அவர் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. டக்கென்று உட்கார்ந்தது. கேபிளைக் குமிழில் மாட்டி, கிளிப் போட்டு, கழற்றி வைத்திருந்த கியர் உருண்டையையும் தண்டில் திருகினேன்.

“இப்ப போட்டுப் பாரு.”

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்சை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் சொல்லச் சொல்லத் தள்ளினேன். ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. கூட்டை மூடக்கூட அவர் காத்திருக்கவில்லை. “எறங்கு, எறங்கு” என்று என்னை அவசரப்படுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இஞ்சினைக் கிளப்பினார்.

இடது கையைக் கியர்மேல் வைத்தார். ஒன்றாவதுக்குத் தள்ளினார். அது மூன்றாவதில் போய் விழுந்தது. கிளட்சை விட்டதும் கார் குலுங்கி நின்றது.

“கிரீஸ் இன்னும் செட் ஆவல” என்றார்.

மறுபடியும் கிளப்பினார். கை கியர் உருண்டையைப் பிடித்தது; ஆனால் பக்கவாட்டில் போக வேண்டிய அந்தச் சின்ன அசைவு அதற்கு வரவில்லை. தோளிலிருந்து மொத்தக் கையும் கட்டை மாதிரி முன்னால் போனது. கார் குலுங்கி நின்றது. இன்னொரு தபா. இன்னொரு தபா. கன்சோல் இல்லாததால் தண்டு, கேபிள், புது புஷ் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. எல்லாம் சரியாக இருந்தன. சொன்ன இடத்துக்கு அந்தக் கேபிள் போய்க்கொண்டிருந்தது. சொன்ன கைதான் தப்பாகச் சொன்னது.

“நீ அங்கேருந்தே போடு” என்றார். நான் பக்கத்துச் சீட்டிலிருந்து, அவர் கிளட்சை மிதிக்க, வலது கையால் தள்ளினேன். ஒன்றாவது விழுந்தது. கார் சாதுவாக முன்னால் நகர்ந்தது. எதிர்வீட்டுச் சுவர் வரை போய் பிரேக் போட்டு நிறுத்தினார். சாவியைத் திருகி அணைத்தார்.

“கியர் நல்லாத்தான் கீது” என்றார்.

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அழுதிருப்பார், தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்க எனக்குச் சாயங்காலமாகிவிட்டது. அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மகள் திருவள்ளூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னதும் வந்துவிட்டாள். அப்பா நடப்பதைப் பார்த்தாள், சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பார்த்தாள், பிறகு அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சென்னையில் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நடுக்குவாதம் என்றார். மாத்திரையால் கொஞ்சம் கட்டுக்குள் வைக்கலாம், போகாது என்றார். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஸ்பானர் புடிக்கலாமா சார்?” டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் முதலில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே சாமான் எடுத்துக் கொடுக்கும்போது கீழே போட்டார். பிறகு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். தெருவில் யாரும் மோட்டார் நின்றது என்று எங்கள் கதவைத் தட்டுவதில்லை. தெரிந்துதான் தட்டாமல் இருக்கிறார்கள். அது இன்னும் மோசமாக இருக்கிறது. பெரியபாளையத்து அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டேன். முன்னெல்லாம் வேண்டிக்கொண்டால் மனசு கொஞ்சம் லேசாகும். இந்தத் தடவை அப்படி எதுவும் ஆகவில்லை.

போன மாசம் காரைக் கொடுத்துவிட்டோம். வாங்க வந்தவர் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார்.

“கியர் நல்லா ஸ்மூத்தா கீதே, யார்க்கா வேலை பாத்தது?”

“எங்க ஊட்டுக்காரரு” என்றேன்.

என் கணவர் வெளியே வரவில்லை. கார் கிளம்பும்போது நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு” என்றார். வெளியே இஞ்சின் சத்தம் மாறியது. “ரெண்டு போட்டுட்டான்.” திருப்பத்தில் இஞ்சின் திணறியது. “சீக்கிரம் போட்டுட்டான்யா மூணு.”

நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் அந்தச் சத்தம் கரைந்த பிறகும் அவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, சாப்பாடு ஆயிடுச்சா என்று கேட்டார். நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.