பூதக்கண்ணாடிக்கு யார் தலைமை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படியொரு வயிற்றெரிச்சல். கடையில் ஈ ஓட்டிய பொழுதுகளில் அவர் எழுதிய மென்பொருள்தான் பூதக்கண்ணாடி. பார்வை மங்கியவர்களுக்குக் கணினித் திரையின் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், நிரலைத் திருத்தியும் அனுப்பலாம், தலைவர் பார்த்துச் சேர்ப்பார். ஒரு காலத்தில் நாற்பது தன்னார்வலர்கள் அனுப்பினார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒன்பது வருடத் தலைவரான அவர் மட்டும் மிஞ்சினார்.

ஆறு மாதம் முன்பு கண் மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி வந்து சேர்ந்தாள். விலகிப் போனவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள். புதியவர்களுக்குச் சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துக் கொடுத்தாள். குழு மறுபடி களைகட்டியது. எங்கு பார்த்தாலும் "அக்கா, அக்கா!" தலைமைக்குத் தேர்தல் வேறு வந்துவிட்டது. போட்டி அவருக்கும் அவளுக்கும்.

"ஆள் வரலைன்னு புலம்பினீங்க. வந்தா அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க" என்றாள் மனைவி.

"வந்தவங்க என்னைத் தேடியா வந்தாங்க?"

தேர்தலன்று காலை கடையில் உட்கார்ந்து, அவள் எழுதிய நிரலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடினார். கிடைத்தது! எல்லார் முன்னாலும் அவள் மானத்தை வாங்கலாம் என்று பார்த்தால், யாரோ ஒரு புது ஆள் முந்திக்கொண்டு குழுப் பக்கத்தில் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார். கீழே நர்ஸின் பதில்: "நல்லவேளை பாத்தீங்க! நீங்களே திருத்திக் குடுங்களேன்."

தன் நிரலில் இத்தனை வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லையே என்று மார்தட்டிக்கொள்ளப் பழைய பதிவுகளைப் புரட்டினார். ஒருவர் சொல்லியிருந்தார், ஒரு தபால்காரர். "சார், எழுத்தைப் பெருசாக்கினா கடைசி வரி மறையுது." அதற்கு இவர் பதில்: "முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டு வரவும்." அப்புறம் தபால்காரர் வாயே திறக்கவில்லை.

இப்போது பெரிதாக்கிப் பார்த்தார். கடைசி வரி மறையத்தான் செய்தது. வெட்கமாகப் போயிற்று. 'நீங்கள் சொன்னது சரி, திருத்தித் தர முடியுமா?' என்று தபால்காரருக்கு எழுதினார்.

உடனே பதில் வந்தது. "அக்கா கேட்டாங்கன்னு போன மாசமே அனுப்பிட்டேன் சார். நீங்க பாத்து சேக்கணும்னுதான் காத்திருக்கோம்."

நர்ஸ் கூட்டி வந்தவர்கள் அனுப்பியதில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. திறந்தார். நாலே வரி, கச்சிதம். வழக்கம்போலத் தன் பாணியில் மாற்றி எழுதக் கை அரித்தது. அப்படியே சேர்த்தார்.

பிறகு வாக்குச்சீட்டைத் திறந்தார். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த எரிச்சலோடேயே நர்ஸுக்கு வாக்களித்தார்.