சேதுராமன் தளர்த்திய சுருக்கு

மலாக்கா டவுனில், காஜா பெராங் பக்கத்தில் சேதுராமனுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்ததே பல பேருக்குத் தெரியாது. "நாய்ப்பிடி வர்றான்" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், தெருக்கோடி வரைக்கும் கதவுகள் சாத்திக்கொள்ளும். சாத்திய கதவுக்குப் பின்னால், நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பெண்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தாண்டிப் போவார். வீட்டுக்குள் புகுந்து பிடிக்க அவருக்கு உத்தரவு இல்லை.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவையும் அண்ணனையும் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், இருவருமே திரும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் மலாக்கா டவுனுக்கு வந்து முனிசிபல் கூலியாகச் சேர்ந்தார். முதலில் சாக்கடை வேலை. நாற்றம்தானே தவிர, அந்த வேலைக்காக யாரும் அவரை வெறுக்கவில்லை. பிறகு நாய் பிடிக்கும் லோரிக்கு ஆள் குறைந்தபோது, கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் கருணாகரன், "நீ நெஞ்சழுத்தக்காரன், நீ போ" என்று அனுப்பிவிட்டார். நெஞ்சழுத்தம் ஒன்றும் கிடையாது. சம்பளம் கொஞ்சம் கூடுதல், கட்டிய மனைவி அஞ்சலை பிள்ளைத்தாய்ச்சி, அவ்வளவுதான். நீளக் கழியும் அதன் நுனியில் கம்பிச் சுருக்குமாக அவருடைய அந்த வாழ்க்கை ஆரம்பித்தது.

சட்டத்தில் சிக்கல் ஒன்றுமில்லை. வருஷத்துக்கொரு தடவை நாய்க்கு லைசென்ஸ் எடுத்து, கொடுக்கிற தகட்டைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டும். தகடில்லாமல் ரோட்டில் திரிகிற நாயைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார்கள். கெடு முடிவதற்குள் சொந்தக்காரர் வந்து மீட்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அந்த ஊசியைச் சேதுராமன் போடுவதில்லை. ஆனால் நாயைப் பிடித்துக்கொள்வது அவர்தான். சாகிற வரைக்கும் அது அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று காப்பிக்கடைகளில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம், வடக்கேயிருந்து வெறிநாய்க்கடி பரவி வருகிறது என்ற சேதியும் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு போயிற்று. இனி எல்லா நாயையும் கட்டித்தான் வைக்க வேண்டும். தகடு இருந்தாலும் சரி, அவிழ்ந்து திரிந்தால் பிடிப்பார்கள். உடம்பில் புதுக் கடிக்காயம் உள்ள நாய் எதுவானாலும் தனிக் கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். கருணாகரன் ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்து இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "முகத்தாட்சண்யம் பார்க்காதீங்க. இது மனுஷ உயிர்" என்றார்.

சேதுராமனுக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதர் தேவதாஸ். பக்கத்து வீட்டுக்காரர், சைக்கிளில் பெட்டி கட்டி ரொட்டி விற்பவர். மற்றவர்கள் காப்பிக்கடையில் சேதுராமன் உட்கார்ந்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். தேவதாஸ் மட்டும் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடுவார். "நீ நாயைப் பிடிக்கிறே, என்னை நாய் துரத்துது. ரெண்டு பேரும் ஒரே தொழில்தாண்டா" என்பார். சேதுராமன் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அவரோடு இருக்கும்போதுதான்.

ஒரு நாள் காலை, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குள் லோரி போனது. கோயில் மதில் ஓரமாகப் பழுப்பு நிறப் பெண்நாய் ஒன்று ஓடியது. கழுத்தில் தகடு இருந்தது, கயிறு இல்லை. சேதுராமனுக்குக் கை பழகிய வேலை, ஒரே வீச்சில் சுருக்கு விழுந்தது. நாய் குரைக்கவில்லை. அதன் காதோரம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்ததை அவர் பார்த்தார். மடி பால் கட்டித் தொங்கியதையும் பார்த்தார்.

அதற்குள் நாய்க்குச் சொந்தக்காரரான மீனாச்சி, மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாவும் சாரோங்குமாக ஓடி வந்துவிட்டார். செட்டி வம்சத்துப் பெண், தனிக்கட்டை, வயது அறுபதை நெருங்கியிருக்கும். செட்டிகளுக்குக் கோயிலும் பூசையும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே தமிழ் வார்த்தை எட்டிப்பார்க்கும்.

"தம்பி, தம்பி! மானிஸை விட்டுடு" என்று மலாயில் கெஞ்சினார். "குட்டி போட்டு நாளாகலை. கண்ணுகூட முழிக்காததுங்க தாய் இல்லாம செத்துப்போகும். நான் கட்டிவைக்கிறேன். அந்த மாரியம்மன் மேல ஆணை."

"காதுல கடி இருக்கே, மாக்சிக்" என்றார் சேதுராமன், அவருக்குத் தெரிந்த மலாயில். மாக்சிக் என்றால் பெரியம்மா.

"பக்கத்து வீட்டுப் பூனை பிறாண்டியிருக்கும். விட்டுடு, தம்பி."

பூனை பிறாண்டிய காயம் அப்படி இருக்காது. அது அவருக்குத் தெரியும். லோரி ஓட்டுகிற மலாய்க்காரர் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில், 'தம்பி' என்று கூப்பிட்டு ஒருவர் அவரிடம் எதையும் கேட்டதில்லை. சேதுராமன் குனிந்து சுருக்கைத் தளர்த்திவிட்டார்.

அன்று சாயங்காலம் தேவதாஸிடம் அதைச் சொன்னபோது சேதுராமன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அந்தம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, தாசு. நாய் பிடிக்கிறவன் கையை!"

தேவதாஸ் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். தேவதாஸ் ரொட்டி விற்கப் போகவில்லை. காய்ச்சல் என்றார்கள். மறுநாள் காலை பாக்கியலட்சுமி சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். தேவதாஸின் மனைவி அவள். "அண்ணே, சீக்கிரம் வாங்க. தண்ணி கேக்கறாரு, கொடுத்தா தட்டி விடறாரு."

சேதுராமன் போய்ப் பார்த்தார். தேவதாஸ் கால் மரத்துப்போன மாதிரி குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். செம்பைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டது. விசிறிக் காற்றுக்கே உடம்பு தூக்கிப்போட்டது. வெறிபிடித்த நாயைப் பார்த்திருக்கிறவர் சேதுராமன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"தாசு, உன்னை நாய் கடிச்சதா?"

தேவதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் கேட்டார். "தெங்கேராவுல, தெருநாய். அடையாளம் தெரியாது" என்றார் தேவதாஸ். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் பாக்கியலட்சுமியிடம் தணிந்த குரலில் சொன்னார். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் தேவதாஸைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கயிறு அறுக்காமலிருக்க மணிக்கட்டுக்குத் துணி சுற்றியவர் சேதுராமன்தான்.

காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு பாக்கியலட்சுமி அவரைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"தெங்கேரா இல்லண்ணே. கம்போங் செட்டி. அந்த மீனாச்சியம்மா நாய்தான், சைக்கிளைத் துரத்தி வந்து குதிகால்ல கடிச்சது. மஞ்சளை வச்சுக் கட்டிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். போனா எந்த நாய்னு கேப்பாங்க, சேது விட்டான்னு வெளிய வந்தா அவன் வேலை போயிடும், தகடு போட்ட நாய்தானே, ஒண்ணும் ஆகாதுன்னாரு. உங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

சேதுராமன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் அவர் கம்போங் செட்டிக்குப் போனார். எல்லாவற்றையும் மீனாச்சியிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனார். வாசலில் அவரைக் கண்டதுமே மீனாச்சி வெடித்தார்.

"எங்கே என் மானிஸ்? நான் சொன்ன மாதிரியே கட்டித்தானே வச்சேன்? ஒரு நாள் கயிறைக் கடிச்சு அறுத்துக்கிட்டுப் போனது, வரவே இல்லை. நீதான் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டே. அன்னிக்கு விடற மாதிரி விட்டுட்டு, நான் பார்க்காத நேரத்துல கொன்னுட்டே!"

சேதுராமன் வாயைத் திறந்தார். மீனாச்சியின் காலடியில் மூன்று குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. அந்தக் கிழவி ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். உங்கள் நாய் ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டது, அவனுக்கு ரெண்டு பிள்ளைகள் என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"அது உங்களைக் கடிச்சதா, மாக்சிக்?" என்று மட்டும் கேட்டார். "பிறாண்டல், நக்கல், ஏதாவது?"

"என் மானிஸ் யாரையும் கடிக்காது!"

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காயம் எதுவும் இல்லை. பிறகு சொன்னார்: "குட்டிகளை நான் கொண்டுபோகணும்."

"எதுக்கு?"

"உத்தரவு."

தாய்க்கு நோய் என்றால் அதன் பாலைக் குடித்த குட்டிகளையும் விட்டுவைக்க முடியாது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். மீனாச்சி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினார், மலாயிலும், தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையிலும். பாவி, பாவி என்பதுதான் சேதுராமனுக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். மீனாச்சியின் தம்பி மகன் வேலாயுதம் சட்டையைப் பிடிக்க வந்தான். சேதுராமன் குட்டிகளைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தார். இளஞ்சூட்டோடு அவை அவர் இடுப்பில் முட்டி முட்டி அசைந்தன.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாயையும் விட்டதில்லை. பணக்காரர் வீட்டு நாய், கோயில் வாசல் நாய், பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுத நாய், எதுவும் அவரிடமிருந்து தப்பவில்லை. ஈவிரக்கம் இல்லாதவன் என்று பேர் வந்தது. அஞ்சலைகூட ஒரு தடவை, "உங்களுக்கு நெஞ்சுல என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை. ஊசி போடும் நாட்களில் மட்டும் வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தொடமாட்டார். காப்பிக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து மீனாச்சி இறந்துபோனார். சேதி கேட்டுச் சேதுராமன் வேலைச் சட்டையோடேயே போய், கூட்டத்துக்கு வெளியே ஓரமாக நின்றார். வேலாயுதம் பார்த்துவிட்டான்.

"நாய்ப்பிடிக்காரனுக்கு இங்கே என்ன வேலை? சாகிற வரைக்கும் அவங்க உன்னைச் சபிச்சாங்க, தெரியுமா?"

"தெரியும்" என்றார் சேதுராமன். தெருவைப் பார்க்க நடந்தார்.

ரோட்டு முனையில் பாக்கியலட்சுமி நின்றிருந்தாள். மார்க்கெட்டில் காய்கறி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. நடந்ததையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அந்தம்மாகிட்ட உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. இப்பவாவது இவங்ககிட்ட சொல்லலாம். அவங்கதான் போய்ட்டாங்களே."

"எனக்காகத் தாசு ஊர்ல யார்கிட்டயும் சொல்லலையேம்மா" என்றார்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தெருவுக்கு அப்பால் லோரி நின்றிருந்தது. டவுனுக்கு வெளியே செங் பக்கம் நாய்க்கூட்டம் ஒன்று திரிவதாகத் தகவல் வந்திருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார். சேதுராமன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.